பதா, பத்பதா, பிபதா: சொல்லிலிருந்தே வெட்டியெடுக்கும் இலக்கணம்

சியாட்டில் நகரின் கடலோரச் சாலையில் நடந்தால் தெருப்பலகைகளில் ஒரு விசித்திரமான பெயர் கண்ணில் படும்: ட்ஸிட்ஸிலாலிச். சில ஆண்டுகளுக்கு முன் நகராட்சி அந்தச் சாலைக்குக் கௌரவப் பெயராகச் சூட்டியது. அமேசானிலும் மைக்ரோசாஃப்டிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் வார இறுதியில் அந்தப் பக்கம் காலாற நடந்திருப்பார்கள். பெயரை உச்சரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போயிருப்பார்கள். இன்றைய பயனியர் ஸ்கொயர் இருக்கும் இடத்தில் வெள்ளையர் வருவதற்கு முன் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரின் பெயர்தான் அது. பொருள்: 'மறுபக்கம் கடந்துபோகும் சின்ன இடம்'.

இந்தப் பெயரில் 'சின்ன' எங்கே இருக்கிறது? நம் மொழியாக இருந்தால் 'சிறு' என்று தனியாக ஒரு சொல் முன்னால் நிற்கும், சிற்றூர் மாதிரி. இங்கே அப்படி எதுவும் இல்லை. 'ட்ஸல்' என்று தொடங்கும் சொல்லில் மறுபக்கம் போவது என்ற பொருள் இருக்கிறது. அதன் முதல் மெய்யை மட்டும் கிள்ளியெடுத்து, ஓர் இகரம் சேர்த்து, அதே சொல்லின் முன்னால் ஒட்டியிருக்கிறார்கள். ட்ஸி + ட்ஸலாலிச். ஒட்டியதுமே இடம் சின்னதாகிவிட்டது. அந்த 'ட்ஸி' தனியாக ஒரு பொருளும் தராது. அகராதியில் தேடினாலும் கிடைக்காது. வேறு சொல்லாக இருந்தால் அது 'பி' ஆகும், 'ஜி' ஆகும், 'தி' ஆகும்.

மொழி லஷூட்ஸீட். வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியைச் சுற்றி வாழ்ந்த பழங்குடிகளின் மொழி. சேலிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. 23 மொழிகள் கொண்ட அந்தக் குடும்பம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையிலிருந்து தெற்கே ஆரிகன் கடற்கரை வரைக்கும், கிழக்கே மான்டானா மலைகள் வரைக்கும் பரவியிருந்தது. சொல்லை மடித்து மடித்துப் புதுச்சொல் செய்வது குடும்பம் முழுக்க உள்ள பழக்கம்தான். அதில் லஷூட்ஸீட்டை நான் எடுத்துக்கொள்ளக் காரணம், அங்கே அந்த இயந்திரத்தின் பல்சக்கரங்கள் வெளியே தெரிகின்றன.

உள்ளே போவதற்கு முன் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மொழியில் உயிர்கள் நான்குதான். இ, உ, ஆ, அப்புறம் வாயை அசைக்காமல் சொல்லும் ஒரு மங்கலான அகரம். அந்த மங்கல் ஒலியை 'அ' என்றும், தெளிவான ஒலியை 'ஆ' என்றும் எழுதுகிறேன். 'ஆ' என்பதால் நீட்ட வேண்டியதில்லை. தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலிக்கு மேலே ஒரு கொக்கி போடுகிறேன். 'வேண்டாம்' என்பதற்கு வாய் திறக்காமல் 'ம்’ம்' என்று தலையாட்டுவோமே, நடுவில் ஒரு முட்டு வருமே, அதேதான். மெய்கள் முப்பதுக்கு மேல். அவற்றில் பாதியை நம் எழுத்தில் எழுத வழியே இல்லை. ஆகவே எழுத முடிகிற சொற்களாகப் பார்த்துத்தான் உதாரணம் தருகிறேன். இது கொஞ்சம் ஏமாற்று வேலைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இது மெல்லினமே இல்லாத மொழி. அன்றாடப் பேச்சில் ம், ன் எதுவும் கிடையாது. அக்கம்பக்கத்துச் சேலிஷ் மொழிகளில் ம் வரும் இடத்தில் இவர்களுக்கு ப் (பயம் என்பதில் வரும் ப), ன் வரும் இடத்தில் த் (பாதம் என்பதில் வரும் த). ஸ்னோக்வால்மி அருவிக்குப் போகாத சியாட்டில் தமிழர் இருக்க மாட்டார். அருவிக்குப் பெயர் தந்த ஸ்னோக்வால்மி பழங்குடி மக்கள் இன்றைய லஷூட்ஸீட்டில் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் ஏறக்குறைய 'ஸ்துக்வால்பிஹ்வ்'. ன் போய்த் த், ம் போய்ப் ப். பழங்கதைகளில் வரும் சில பாத்திரங்களின் பேச்சில் மட்டும் அந்த மூக்கொலிகள் ஒளிந்திருக்கின்றன.

இதைச் சொன்னது வேடிக்கைக்காக மட்டுமல்ல. கட்டுரை முழுக்க நம்மோடு வரப்போகும் சொல் 'பதா’'. பெற்ற பிள்ளை என்று பொருள். பக்கத்து மொழியான ஹால்கொமேலத்தில் இதற்கு இணையான சொல் 'மன' என்று தொடங்கும். ம-ன, ப-த. அக்காள் தங்கை மொழிகள் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது.

சரி, இரட்டிப்புக்கு வருவோம். லஷூட்ஸீட்டில் காகத்துக்குப் பெயர் 'கா’கா’'. நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். பூனைக்குப் பெயர் 'பிஷ்பிஷ்'. பூனையோடு வந்த சொல் அது. வடமேற்குக் கரையில் வியாபாரத்துக்காகக் கலந்து பேசிய சினூக் கலப்புமொழி வழியாக உள்ளே வந்தது. ஆங்கிலத்தில் பூனையைக் கூப்பிடும் 'புஸ் புஸ்' தான் அதன் மூலம்.

இந்த இரண்டைப் பார்த்துவிட்டு 'ஓ, சலசல, படபட மாதிரி' என்று முடிவுகட்டினால் தப்பு. தொல்காப்பியர் இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்: 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்து இசையா'. பிரித்தால் பொருள் தராது. கா’கா’வைப் பிரித்து ஒரு 'கா’' எடுத்தால் அரைக் காகம் வராது. அது பிறக்கும்போதே இரட்டை. ஆனால் இந்த மொழியின் இலக்கணத்தில் வேலை செய்யும் இரட்டிப்பு அந்தச் சோதனையில் தேறாது, தேறவும் கூடாது. அங்கே ஒற்றைச் சொல் தனியாக உயிரோடு இருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டும்போதுதான் பொருள் மாறுகிறது. எந்தத் துண்டை வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து எப்படி மாறும் என்பதும் முடிவாகிறது.

முதல் வெட்டு: முன்னாலிருந்து மெய், உயிர், மெய் மூன்றையும் சேர்த்து எடுப்பது. 'பதா’'வில் அது 'பத்'. ஒட்டினால் 'பத்பதா’', பிள்ளைகள். 'ஜஸத்' என்றால் பாதம், 'ஜஸ்ஜஸத்' என்றால் பாதங்கள். பார்த்ததும் பன்மை என்று சொல்லத் தோன்றும். மொழியியலாளர்கள் அப்படிச் சொல்வதில்லை, 'பரவல்' என்ற பொருளில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. சேலிஷ் மொழிகளில் பன்மையைக் காட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெறும் 'பதா’' ஒரு பிள்ளையையும் குறிக்கலாம், பலரையும் குறிக்கலாம். துண்டை ஒட்டும்போது சொல்லப்படுவது, அங்கொன்றும் இங்கொன்றுமாக, தனித்தனியாக, பல இடத்தில், பல தடவை என்பது. அதனால்தான் இதே வெட்டு வினைச்சொல்லிலும் வேலை செய்கிறது. வான்கூவர் அருகே பேசப்பட்ட ஸ்குவாமிஷ் இன்னொரு சேலிஷ் மொழி. அதில் 'க்வலஷ்' என்றால் சுடுவது. 'க்வல்க்வலஷ்' என்று சொன்னால் ஒரே மானைப் பல தடவை சுட்டதாகவும் இருக்கலாம். பெயர்ச்சொல் பன்மை விகுதியால் இதைச் செய்ய முடியாது. நம் 'கள்' விகுதியை வினையில் ஒட்டிப் 'பல தடவை சுட்டான்' என்று சொல்ல வழி உண்டா?

இங்கே நமக்கு உதவுவது சலசல இல்லை, பந்தி பரிமாறுகிற இடம். 'ஆளுக்கு மும்மூன்று இட்லி வை' என்கிறோம். மும்மூன்று ஒன்பது இல்லை. ஒவ்வொருவருக்கும் மூன்று, இலைக்கு இலை பரவிய மூன்று. மூன்றின் தலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து முன்னால் வைத்ததும் எண்ணிக்கை பரவலாகிவிட்டது. இவ்விரண்டு, நந்நான்கு, எவ்வேழு, பப்பத்து எல்லாம் அதே வேலைதான். நன்னூலார் இதற்கென்றே ஒரு சூத்திரம் எழுதி, ஒன்பதை மட்டும் தள்ளிவைத்திருக்கிறார். தத்தம் வீடு, வெவ்வேறு ஊர், சிற்சில பேர் என்று அன்றாடம் நாம் சொல்வதும் இந்தக் கணக்கில்தான் வரும். ஒரு லஷூட்ஸீட்காரருக்கு மும்மூன்றை விளக்கினால் சட்டென்று பிடித்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள். மூன்று என்பதில் மூ நெடில், ஒட்டும் துண்டில் அது மு என்று குறுகுகிறது. வேறு வெவ்வேறு ஆகிறது, ஏழு எவ்வேழு ஆகிறது. துண்டுக்கு நெடில் ஆகாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது வெட்டில் தேவைப்படும்.

இரண்டாவது வெட்டு சிறுமைக்கு. முன்னாலிருந்து மெய்யும் உயிரும் மட்டும். 'சாலஷ்' என்றால் கை (அச்சம் என்பதில் வரும் ச). 'சாசாலஷ்' என்றால் சின்னக் கை. ரொம்பச் சுலபம். ஆனால் பாதத்துக்கு வந்தால் 'ஜஸத்' என்பது 'ஜஜஸத்' ஆகவில்லை, 'ஜிஜஸத்' ஆகிறது. 'பதா’' 'பபதா’' ஆகவில்லை, 'பிபதா’' ஆகிறது, சின்னப் பிள்ளை. இந்த இகரம் எங்கிருந்து வந்தது?

வேரில் முதல் உயிர் அந்த மங்கலான அகரமாக இருந்தால் அதை நகலெடுக்க மாட்டார்கள், பதிலுக்கு இ வந்துவிடும். கத்திக்குச் சொல் 'ஸ்தூக்வ்'. இங்கே ஊ உண்மையான நெடில். சின்னக் கத்தி 'ஸ்திதூக்வ்'. நெடிலையும் நகலெடுக்கவில்லை, அங்கேயும் இ. கல்லுக்கான சொல் இரண்டு மெய்யோடு தொடங்குகிறது, நகலெடுக்க அங்கே உயிரே கிடையாது. அதற்கும் இ. ஆக, தெளிவான குறில் இருந்தால் நகல், மற்ற எல்லா இடத்திலும் இகரம். நாம் நெடிலைக் குறுக்கி வைத்துக்கொள்கிறோம், அவர்கள் தூக்கிப் போட்டுவிட்டு இகரத்தை நிரப்புகிறார்கள். நோய் ஒன்று, வைத்தியம் வேறு.

ஏன் இப்படி என்பதற்கு ஓர் அழகான விளக்கம் உண்டு. விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் அர்பன்சிக் லஷூட்ஸீட் இரட்டிப்பையே எடுத்துக்கொண்டு 1996இல் முனைவர் பட்டம் வாங்கியவர். சிறுமைத் துண்டு ஒட்டும்போது சொல்லின் அழுத்தம் அந்தத் துண்டின்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. மங்கல் அகரம் நோஞ்சான், அழுத்தத்தைச் சுமக்காது. மேலும், பரவல் துண்டை மொழி ஒரு வேர்ச்சொல்லைப்போல நடத்துகிறது, சிறுமைத் துண்டை வெறும் ஒட்டைப்போல நடத்துகிறது என்கிறார் அவர். வேருக்கு எந்த ஒலியும் இருக்கலாம். ஒட்டுக்குச் சுமாரான, எளிய ஒலிகள்தான் அனுமதி. 'பத்பதா’'வில் மங்கல் அகரம் அப்படியே நகலாவதும், 'பிபதா’'வில் நகலாகாமல் போவதும் அதனால்தான்.

அந்தக் கத்தியை இன்னொரு தடவை பாருங்கள். ஸ்தூக்வ், ஸ்திதூக்வ். முதலில் நிற்கும் ஸ் நகலாகவில்லை. அது பெயர்ச்சொல்லாக்கும் முன்னொட்டு, வேரில் சேர்த்தி இல்லை. வெட்டு எப்போதும் வேரில்தான் விழும். பேசுகிறவர் இதையெல்லாம் யோசித்தா செய்கிறார்? நாம் வெவ்வேறு என்று சொல்லும்போது நெடிலைக் குறுக்க வேண்டும் என்று யோசித்தா சொல்கிறோம்?

சிறுமை என்றால் அளவு மட்டும் இல்லை. 'தலாவில்' என்றால் ஓடுவது. 'திதலாவில்' என்றால் மெல்லோட்டம், காலையில் பூங்காவில் ஓடுவோமே அது. (இந்தச் சொல்லில் மட்டும் இரண்டு த-வையும் தலை என்பதில் வருகிற மாதிரி வன்மையாகச் சொல்ல வேண்டும்.) குட்டி ஓட்டம். பொருளுக்கும் செயலுக்கும் ஒரே கருவி.

மூன்றாவது வெட்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இது முன்னாலிருந்து எடுப்பதில்லை. வேரின் உள்ளே இருக்கும் உயிரையும் அதற்கு அடுத்த மெய்யையும் எடுத்து, அங்கேயே பக்கத்தில் செருகிவிடும். 'இபஷ்' என்றால் நடப்பது. அதில் 'இப்' என்ற துண்டை மறுபடி சொன்னால் 'இபிபஷ்'. பொருள், குறுக்கும் நெடுக்கும் நடப்பது. பிரசவ வார்டு வாசலில் அப்பாக்கள் நடக்கும் நடை. 'உலுல்ஹ்' என்றால் நீர்வழியே பயணம் போவது. 'உலுலுல்ஹ்' என்றால் படகுச் சவாரி. போய்ச் சேர வேண்டிய ஊர் எதுவும் இல்லை, தண்ணீரில் ஒரு சுற்று.

நடை இருக்கிறது, போகுமிடம் இல்லை. செயல் இருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் கை தளர்ந்துவிட்டது. இந்த வகைக்குச் சேலிஷ் ஆய்வாளர்கள் வைத்த பெயரும் 'கட்டுப்பாடு மீறியது' என்பதுதான். பெயரைப் பரப்பியது பேரி கார்ல்சனும் லாரன்ஸ் தாம்ப்சனும் 1982இல் எழுதிய ஒரு கட்டுரை. இரண்டு சேலிஷ் மொழிகளை வைத்து எழுதப்பட்டது அது.

கட்டுப்பாடு என்பது சேலிஷ் வினைச்சொற்களின் முதுகெலும்பு. ஒரு செயலைச் செய்தவன் வேண்டுமென்றே, முழுப் பிடியோடு செய்தானா, இல்லை கைதவறியோ தட்டுத்தடுமாறியோ செய்தானா என்பதை வினையின் விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே விகுதி 'தெரியாமல் செய்துவிட்டான்' என்றும் பொருள்படும், 'ஒருவழியாகச் செய்து முடித்தான்' என்றும் பொருள்படும். நமக்கு முரண் மாதிரி தோன்றலாம். யோசித்தால் இரண்டிலும் செயல் முழுக்க அவன் கையில் இல்லை. நம் வீட்டில் கண்ணாடி டம்ளர் விழுந்தால் பிள்ளை 'உடைச்சேன்' என்று சொல்லாது, 'உடைஞ்சுபோச்சு' என்றுதான் சொல்லும். அந்த வித்தியாசத்தை வினையெங்கும் கட்டாயமாக்கிய மொழிகள் இவை. உயிரும் மெய்யும் தடுக்கி விழுந்த மாதிரி இரண்டு தடவை வரும் 'இபிபஷ்' அந்தத் தளர்ச்சிக்குப் பொருத்தமான ஒலி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இது ரசனை, ஆதாரம் இல்லை.

மூன்று வெட்டையும் பார்த்தாகிவிட்டது. ஒரே சொல்லில் இரண்டு வெட்டு விழுந்தால்?

விழும். 'பதா’'வில் முதலில் பரவலைப் போடுங்கள், பத்பதா’. அதன்மேல் சிறுமையைப் போடுங்கள், பிபத்பதா’. இப்போது வரிசையை மாற்றுங்கள். முதலில் சிறுமை, பிபதா’. அதன்மேல் பரவல், பிபிபதா’. கூட்டலில் வரிசை மாறினால் விடை மாறாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இங்கே மாறுகிறது. பிபிபதா’ என்றால் சின்னஞ்சிறு பிள்ளைகள். பிபத்பதா’ என்றால் பொம்மைகள், அல்லது ஒரே ஈற்றில் பிறந்த விலங்குக் குட்டிகள்.

முதலில் 'சின்னப் பிள்ளை' என்று ஆக்கிவிட்டுப் பலராக்கினால் மனிதக் குழந்தைகள் மனிதக் குழந்தைகளாகவே இருக்கிறார்கள். முதலில் 'பிள்ளைகள்' என்று ஒரு கூட்டமாக்கி, அந்தக் கூட்டத்தையே சிறுமைப்படுத்தினால் அது 'பிள்ளைகள் மாதிரி ஏதோ' ஆகிவிடுகிறது. கூடத்தில் உட்கார்த்தி வைத்த பொம்மைகள், வைக்கோலில் குவிந்து கிடக்கும் குட்டிகள். இது என் வாசிப்பு. ஆனால் வரிசைதான் பொருளைப் பிரிக்கிறது என்பது சொல்லிலேயே எழுதியிருக்கிறது.

கூர்ந்து பார்த்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். பரவல் வெட்டு மெய், உயிர், மெய் மூன்றையும் எடுக்கும் என்றால், 'பிபதா’'விலிருந்து எடுக்க வேண்டியது 'பிப்'. ஒட்டினால் 'பிப்பிபதா’' என்றல்லவா வர வேண்டும்? அந்த ப் எங்கே? 1983இல் மொழியியலாளர் எலன் ப்ரோஸ்லோ இதை ஒரு கட்டுரைப் பொருளாகவே எடுத்தார். வாக்கிய அமைப்பில் ஒரு சொல் எத்தனை எல்லை தாண்டி நகரலாம் என்று விதி இருப்பதுபோல, நகலெடுக்கும் துண்டும் தன் பக்கத்து அடுக்கைத்தான் பார்க்க முடியும், அதைத் தாண்டி வேருக்குள் கை நீட்ட முடியாது என்பது அவருடைய வாதம். அந்த நகல் 'பி' என்ற ஒட்டைப் பார்க்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ப் வேரைச் சேர்ந்தது, கைக்கு எட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் வேறு விதமாக விளக்கினார்கள். ஒரு குழந்தைச் சொல்லில் காணாமல் போன ஒரு பகரத்துக்காகக் கோட்பாடுகள் மோதிக்கொண்டது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அக்கம்பக்கத்து மொழிகளையும் எட்டிப்பார்த்துவிடலாம். உள்நாட்டுச் சேலிஷ் மொழியான ஒகனகனில் மூன்று என்ற எண் 'கா’ல்ஹீஸ்'. மூன்று பேர் என்றால் 'த்கா’கா’ல்ஹீஸ்'. எண்ணப்படுவது மனிதர் என்பதை முன்னொட்டும் இரட்டிப்பும் சேர்ந்து காட்டுகின்றன. மூன்றுக்கும் மூவருக்கும் வித்தியாசம் பார்க்கும் நமக்கு இது அந்நியமாக இருக்காது. வடக்கே தனித்து நிற்கும் நுஹால்க் மொழி வேறு ரகம். அங்கே உயிரெழுத்தே இல்லாத சொற்கள் சர்வசாதாரணம். உயிரே இல்லாவிட்டால் அசை எது, எதை வெட்டுவது? 'கீழே இருப்பது' என்ற பொருளுள்ள வேர் 'த்க்ன்க்'. அதிலிருந்து உள்ளாடைக்கான சொல் 'த்க்ன்க்ன்க்'. நடுவிலுள்ள 'க்ன்' மட்டும் நகலாகியிருக்கிறது. அதாவது ன் உயிரின் நாற்காலியில் உட்கார்ந்து அசையாகிவிட்டது. வெறும் மெய்க் குவியலுக்குள்ளும் அசை இருக்கிறது என்பதற்கு 1991இல் மொழியியலாளர் ப்ரூஸ் பேகமில் இப்படிப்பட்ட இரட்டிப்பைத்தான் சாட்சிக்கு அழைத்தார்.

இவ்வளவும் நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1950களில் லியோன் மெட்காஃப் என்பவர் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பியூஜெட் சவுண்ட் முதியவர்களைத் தேடிப்போய்ப் பேச்சையும் கதையையும் பதிவுசெய்தார். அந்த நாடாக்கள் சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1960களில் தாம் ஹெஸ் என்ற மொழியியலாளர் வந்தார். அவருடைய அகராதி 1976இல் வெளியானது. அவரோடு வேலை செய்யத் தொடங்கிய ஒரு பெண்மணி அப்புறம் அந்த வேலையையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்டார். வை ஹில்பர்ட், மேல் ஸ்காகிட் இனத்தவர், 1918இல் பிறந்தவர். வீட்டில் இந்த மொழியைக் கேட்டே வளர்ந்த கடைசித் தலைமுறைகளில் ஒருவர். பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த உறைவிடப் பள்ளிகளின் காலம் அது. அவர் எழுத்து முறையைக் கற்று, அந்தப் பழைய நாடாக்களைக் கேட்டு எழுதி மொழிபெயர்த்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லஷூட்ஸீட் சொல்லிக்கொடுத்தார். டான் பேட்ஸ், ஹெஸ், ஹில்பர்ட் மூவரும் சேர்ந்து செய்த பெரிய அகராதி 1994இல் வந்தது. 2008இல் ஹில்பர்ட் காலமானார்.

அந்த அகராதி வேர்ச்சொல் வரிசையில் அமைந்தது. இப்போது ஒரு மாணவர் கதையொன்றில் 'பிபத்பதா’'வைச் சந்திக்கிறார் என்று வையுங்கள். 'பிப' என்று தேடினால் கிடைக்காது. வெங்காயம் மாதிரி உரிக்க வேண்டும். முன்னால் 'பி', அடுத்த துண்டும் ப-வில் தொடங்குகிறது, ஆகவே சிறுமைத் துண்டாக இருக்கலாம், எடு. மீதி 'பத்பதா’'. அதில் 'பத்' இரண்டு தடவை, ஒன்றை எடு. மீதி 'பதா’'. இப்போது அகராதியைத் திற. ஆனால் எப்போதும் இவ்வளவு சுலபமாக இருக்காது. 'பிஷ்பிஷ்' என்பதைப் பார்த்து ஒரு 'பிஷ்' பூனை இருக்கிறதா என்று தேடினால் ஏமாற்றம்தான். எது உரிக்கிற வெங்காயம், எது உரிக்கக் கூடாத பழம் என்பது பழகப் பழகத்தான் தெரியும். இன்று டுலாலிப், புயாலப் போன்ற இனங்களின் மொழித் திட்டங்களில் குழந்தைகள் இதைப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்து முறையில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு வழக்கமாகக் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்கும் நமக்கும் நிம்மதி.

பயனியர் ஸ்கொயருக்குத் திரும்புவோம். அந்தப் பலகையை இப்போது உரிக்க முடியும். ட்ஸலாலிச், கடக்கும் இடம். முதல் உயிர் மங்கல் அகரம், அது நகலாகாது, ஆகவே இகரம். ட்ஸிட்ஸலாலிச். பலகையில் இரண்டாவது உயிரையும் இகரமாகவே எழுதிவிட்டார்கள், ஆங்கில எழுத்துக்கு அந்த மங்கல் ஒலி பிடிபடாது. கடப்பதற்கு என்ன இருந்தது? அந்த இடம் அப்போது கடலுக்குள் நீண்டிருந்த ஒரு தாழ்ந்த நிலத்துண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓதம் ஏறி இறங்கும் கழி. 1853இல் ஹென்றி யெஸ்லர் அங்கே மரம் அறுக்கும் ஆலை போட்டார். ஆலையின் மரத்தூளும் நகரத்தின் குப்பையும் மண்ணும் கொட்டிக் கொட்டிக் கழி தூர்ந்தது. இப்போது அந்தப் பக்கம் ரயில் நிலையமும் விளையாட்டரங்கங்களும் நிற்கின்றன.